அப்பா கபரும் கொசு டீயும்

தொண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த மாசம் மலேசியாவுல பினாங்குக்கு வேலைக்குப் போறேன் காக்கா. மலாய் சுத்தமாத் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. மொழி தெரியாம வெளிநாட்டுல அசிங்கப்பட்ட கதை இருந்தா சொல்லுங்க. எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சுக்கிறேன்."

கதைக்குப் பஞ்சமில்லை தம்பி. ஆனால் முதலில் ஒரு திருத்தம். மொழி தெரியாததால் நான் பட்ட அசிங்கம் ரொம்பக் கம்மி. தெரியாத சொல் வந்தால் மனிதன் உஷாராகிவிடுகிறான். கை காட்டுகிறான், தலையைச் சொறிகிறான், எதிராளியும் நிலைமையைப் பார்த்து வேறு வழி தேடுகிறான். மாட்டிவிடுவது எது என்றால், காதில் விழுந்ததும் ‘அட, இது நம்ம சொல்லாச்சே’ என்று தோன்றுகிறதே, அதுதான். இந்த ஆபத்து நம் கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். தேவிபட்டினம், கீழக்கரை, பெரியபட்டினம், பாம்பன் என்று எந்த ஊரை எடுத்தாலும் தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டியவர்கள். மலாய்க்காரர் வாயில் நம் தமிழ்ச் சொல் கிடக்கும். நம் வாயில் அரபுச் சொல் கிடக்கும். இலங்கையில் பேசுவதோ தமிழேதான். எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அங்கேதான் சறுக்கும்.

நான் கீழக்கரை. முதல் சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், 1991-ல், 22 வயதில். எங்கள் வீட்டில் தகப்பனாரை வாப்பா என்போம். அப்பா என்றால் தாத்தா. அந்த அப்பா காலத்தில் எல்லாரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறித்தான் பினாங்கு போவார்கள். எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணம் முடிந்துபோனது. நான் விமானத்தில் போனேன், தூங்காமல், பக்கத்து இருக்கைக்காரரைத் தாண்டிக் கழிவறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுக்கொண்டு. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

மாமாவுக்கு அங்கே நாசி கண்டார் கடை. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் காவடி மாதிரி தூக்குகிற கம்பு. சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் அந்தக் கம்பின் இரு முனையில் கட்டித் தெருத் தெருவாக விற்ற நம் ஆட்கள் ஆரம்பித்த தொழில் அது. நான் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு விடவில்லை, வாடிக்கையாளர் ஒருவர், வயதான மலாய்க்காரர், வந்து என் கையை மெதுவாகப் பிடித்துவிட்டுத் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்பா கபர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா மவுத்தாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? மாமா சொல்லியிருப்பார்போல. அதனால்தான் நெஞ்சில் கை வைத்துத் துக்கம் விசாரிக்கிறார், எங்கே அடக்கினீர்கள் என்று கேட்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊர்லதான். பழைய ஜும்மாப் பள்ளிப் பக்கம்" என்றேன். அவர் சிரித்த முகத்தோடு தலையாட்டி, "பாய்க்? பாய்க்?" என்றார். இதென்னடா, துக்கம் கேட்கிற மனிதர் சிரிக்கிறார், பைக்கைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "பைக் இல்லைங்க, பிளைட்டுல வந்தேன்" என்றேன். அடுப்படியில் மாமா கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார்.

‘அப்பா கபார்’ என்றால் என்ன சேதி, அதாவது எப்படி இருக்கிறாய். அப்பா என்று நம் காதில் விழுவது மலாயில் ‘என்ன’. கபார் என்பது சேதிக்கான அரபுச் சொல். நாம் கபர் என்பது அடக்கக்குழி, அதுவும் அரபுதான். அரபு எழுத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்தே வேறு. நம் நாக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. ‘பாய்க்’ என்றால் நலம். நெஞ்சில் கை வைப்பது மலாய்க்காரர் ஸலாம் சொல்கிற முறை, துக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. நீங்கள் போனதும் முதல் நாள் கேட்கப் போகிற கேள்வி இதுதான் தம்பி. ‘கபார் பாய்க்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். யாரையும் அடக்கம் செய்ய வேண்டாம்.

அன்றைக்கே அடுத்தது. கடைப் பையன் வந்து என்னவோ கேட்டான். குடிக்க என்ன வேண்டும் என்று ஊகித்து, வீட்டு வழக்கப்படி "சாயா" என்றேன். அவன் நின்றான். மறுபடி "சாயா, சாயா" என்று, புரியட்டுமே என்று என் பக்கம் கையைக் காட்டிச் சொன்னேன். மலாயில் ‘சாயா’ என்றால் நான். ஆக அந்தப் பையன் பார்த்தது, புதிதாக வந்த ஒருத்தன் தன் நெஞ்சைத் தட்டி ‘நான், நான்’ என்று அறிவித்துக்கொண்டிருந்ததை. "யா, ஆவாக். நக் அப்பா?" என்றான். ஆமாம், நீதான், என்ன வேணும்? எனக்கு இதிலும் அப்பா மட்டும்தான் காதில் விழுந்தது. இந்த ஊரில் எல்லாரும் ஏன் எங்கள் அப்பாவையே கேட்கிறார்கள்?

கடைசியில் அவனே ஒரு சொல்லைக் கண்டுபிடித்தான். "சூசு?" என்றான், அன்பாக.

நம்மூரில் சின்னப் பிள்ளையைத்தான் அப்படிக் கேட்போம். 22 வயது ஆளைப் பார்த்து கேட்கிறானே என்று வெட்கமாக இருந்தாலும், விமானத்திலிருந்து அடக்கிக்கொண்டு வந்த நிலைமையில் அது எனக்கு வான் மழை மாதிரி இருந்தது. வேகமாகத் தலையாட்டினேன். பையன் ஓடினான். வழி காட்டுவான் என்று நான் எழுந்து நின்றேன். அவன் ஆவி பறக்க ஒரு பெரிய கிளாஸ் பால் கொண்டு வந்து வைத்தான். சூசு என்றால் பால். என் அன்றைய நிலைமையில் உலகத்தில் எனக்கு வேண்டாத ஒரே பொருள் அதுதான். மரியாதைக்காக அதையும் குடித்தேன்.

டீ விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன், தினம் உதவும். அங்கே வெறுமனே ‘தே’ என்று கேட்டால் கெட்டிப்பால் ஊற்றி இனிப்பாக வரும். ‘தே ஓ’ என்றால் பால் இல்லாமல், சர்க்கரையோடு. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத டின் பால். சர்க்கரை வேண்டாம் என்றால் கடைசியில் ‘கோசோங்’ சேர்க்க வேண்டும். காலி, வெறுமை என்று அர்த்தம். ‘தே ஓ கோசோங்’ என்றால் பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை. ‘தே தாரிக்’ நம் ஆற்றிய டீதான். தாரிக் என்றால் இழுப்பது.

பிறகு கழிவறைக் கதவு. பட்டர்வொர்த்தில் படகுத்துறைக்குப் பக்கத்தில் என் கூட்டாளி ஒருத்தன் மாட்டியது இது. ஒரு கதவில் எல், இன்னொரு கதவில் பி என்று ஆங்கில எழுத்து மட்டும். படமில்லை. அவன் படித்தவன், யோசித்தான். எல் என்றால் லேடீஸ். சரி. அப்படியானால் பி என்றால்? புருஷர்! எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பி-க்குள் போனான். உள்ளே எழுந்த கூச்சலில் வெளியே வந்த வேகம் போன வேகத்தைப் போல் மூன்று மடங்கு. மலாயில் ‘லெலாக்கி’ ஆண், ‘பெரெம்புவான்’ பெண். அங்குள்ள தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவில் எழுதியிருக்கும் ஏ, எல் எழுத்துகளும் இதுதான்: ‘அனாக் லெலாக்கி’, இன்னாரின் மகன். பெண்ணாக இருந்தால் ஏ, பி. ஆக எல் என்றால் நாம். இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலாயில் தமிழ்ச் சொற்கள் எவ்வளவு என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். கெடாய் என்றால் கடை, காப்பால் கப்பல், பெத்தி பெட்டி, காத்தில் கட்டில், மீசாய் மீசை. கழுதைகூட கெல்டாயாகப் போயிருக்கிறது. நம் முதல் அங்கே ‘மோடால்’ என்று வியாபார முதலாக நிற்கிறது. ‘பெர்ச்சுமா’ என்று பலகை பார்த்தால் தைரியமாக நில்லுங்கள், இலவசம் என்று அர்த்தம். கடைசியில் இருக்கிற ‘ச்சுமா’ நம் சும்மாவேதான். எனக்குத் தெரிந்து கடல் தாண்டிப் போயும் குணம் மாறாத சொல் அது ஒன்று.

ஆனால் எல்லாச் சொல்லும் அப்படி நாணயமாக நடந்துகொள்ளாது. ராமநாதபுரத்து அக்கா ஒருவர், கோலம் போடுவதில் கைதேர்ந்தவர், மகன் குடும்பத்தோடு லங்காவி போயிருந்தார். தங்கிய இடத்தில் ‘கோலம்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. இவ்வளவு தூரத்தில் நம் கோலத்துக்கு மரியாதை தருகிறார்களே என்று விடியற்காலையில் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு அம்பு காட்டிய வழியே போயிருக்கிறார். அங்கே நாலைந்து வெள்ளைக்காரர்கள் ஜட்டியோடு நீந்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோலம் நம் குளம். போன வழியில் உச்சரிப்பு கொஞ்சம் நனைந்துவிட்டது.

மண்டபத்திலிருந்து வந்த மாரி கதை இதைவிடப் பாவம். இரவுச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முதல் கடைக்காரன் கை நீட்டி "மாரி, மாரி!" என்றான். மாரி திகைத்து நின்றான். எதிர்க் கடைக்காரியும் "மாரி சீனி!" என்றாள். நாலாவது கடையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "காக்கா, நான் ஊருக்கு வந்து ரெண்டு நாள்தான் ஆகுது, இவங்களுக்கு என் பேரு எப்படித் தெரியும்? சீனி எங்க அண்ணன் பேரு, அவன் இங்க வந்து யார்கிட்டயும் கடன் கிடன் வாங்கி வச்சிருக்கானா?" என்றான். ‘மாரி’ என்றால் வா, ‘சீனி’ என்றால் இங்கே. நான் உடனே சொல்லிவிடவில்லை. இரண்டு தெரு நடக்கவிட்டேன். பாவம்தான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடையில் மூத்த சமையற்காரரை நான் ஊர் வழக்கத்தில் "காக்கா" என்று கூப்பிடுவேன், அண்ணன் என்ற மரியாதையில். ஆள் ஆறடி, மீசை ஒரு சாண். சாப்பிட வந்த மலாய்க்காரர்கள் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பார்கள். மலாயில் ‘காக்காக்’ என்றால் அக்கா. அண்ணனுக்கு அங்கே ‘அபாங்’. நம் பக்கத்தைத் தாண்டினால் காக்கா என்பது பறவை. கடலைத் தாண்டினால் பெண்பிள்ளை. நம் மரியாதைச் சொல்லுக்கு இப்படி ஒரு தலையெழுத்து.

வளைகுடாவுக்கு வருகிறேன். நான் 1998-ல் துபாய் போனேன், தேராவில் துணிக்கடை வேலை. ஓதிப் பழகிய நமக்கு அரபு என்ன கஷ்டம் என்ற தைரியம் எல்லாருக்கும் இருக்கும். எழுத்தும் பரிச்சயம், நம் பெரியவர்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதி, கூடுதல் ஒலிகளுக்குக் கூடுதல் எழுத்தும் உண்டாக்கி, அரபுத்தமிழ் என்று நூல்கள் எழுதியவர்கள். வீட்டுப் பேச்சில் பாதி அரபுச் சொல். அந்தப் பாதிதான் குழியில் தள்ளுகிறது.

எங்கள் கடையில் ஒரு நாள் கணக்கில் 200 திர்ஹம் உதைத்தது. முதலாளி, நல்ல மனிதர், சும்மாதான் கேட்டார். ஆனால் கல்லாவில் இருந்த நம்மூர்ப் பெரியவருக்கு ரோசம் வந்துவிட்டது. வலது கையை நெஞ்சில் வைத்து, "அனா கல்பு நதீஃப்!" என்றார். என் மனசு சுத்தம் என்று சொல்கிறாராம். கல்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாம் தினம் சொல்வதுதானே. முதலாளி குழம்பிப்போய், "கல்ப்? வேன் கல்ப்?" என்று கேட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அரபியில் மனசுக்கான சொல்லில் முதல் எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும். வளைகுடாப் பேச்சில் அதுவே ‘கல்ப்’ என்று, கங்கை என்பதில் வரும் இரண்டாவது ‘க’ மாதிரி ஒலிக்கும். நாம் சொல்கிற வல்லின ‘க’வில் சொன்னால் நாய். ஆக நம் பெரியவர் கண்ணில் நீர் மல்கச் சொன்னது, ‘என் நாய் சுத்தமானது’. விஷயம் புரிந்ததும் முதலாளி சிரித்த சிரிப்பில் 200 திர்ஹம் மறந்தே போனது. சாயங்காலம் ரசீதுக் கட்டுக்கு நடுவில் கிடைத்தும்விட்டது. பிறகு அவர் ஊருக்குத் திரும்புகிற வரை காலையில் முதலாளி கேட்கிற முதல் கேள்வி, நாய் எப்படி இருக்கிறது என்பதுதான்.

அதே மாதிரி ‘ரூஹ்’. நமக்கு ரூஹு என்றால் உயிர். ரூஹு பிரிந்தது என்போம். அங்கே பேச்சில் ‘ரூஹ்’ என்றால் போ. புதிதாக வந்த பையனைப் பார்த்து முதலாளி கையை வீசி "ரூஹ், ரூஹ்!" என்றால், அவன் உயிருக்கு ஆபத்தில்லை. சரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்கிறார், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் பாம்பன் மச்சான் கதை. ஒப்பந்தத்தில் வளைகுடாவில் மீன்பிடிக்கப் போனவர். ஊரில் சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், பத்து வருஷம் படகில் இருந்த கை. அங்கே போன முதல் நாளே ‘சமக்’ என்றால் மீன் என்று தெரிந்துகொண்டார். மீனவனுக்கு வேறென்ன வேண்டும்? மூன்றாம் நாள் கடலில் ரோந்துப் படகு வந்து ஒட்டி நின்றது. அதிகாரி தாளும் பேனாவுமாக எட்டிப் பார்த்து, "ஷிஸ்மக்?" என்றார்.

சமக்கைத்தான் கேட்கிறார் என்று மச்சான் ஐஸ் பெட்டியைத் திறந்தார். மேலாக ஒரு நல்ல ஹாமூர் கிடந்தது, நம்மூர்க் கலவா. தூக்கிக் காட்டினார். அதிகாரி தலையை ஆட்டி, விரலை மச்சானின் நெஞ்சுக்கு நேராக நீட்டி, "இன்த்தா! இன்த்தா ஷிஸ்மக்?" என்றார். மச்சானுக்கு ஒரு நிமிஷம் பூரிப்பு, ஆள் தமிழ் பேசுகிறாரே என்று. அடுத்த நிமிஷம் குழப்பம். ‘இந்தா, மீன்’ என்கிறார். ஆனால் அவர் கையில் மீன் இல்லையே, மீன் நம் கையில் அல்லவா இருக்கிறது? சரி, இந்தா என்று நம்மைச் சொல்லச் சொல்கிறார்போல என்று, ஹாமூரை இரண்டு கையாலும் ஏந்தி, மரியாதையாக, "இந்தா" என்று நீட்டினார். அதிகாரி பின்வாங்கி, "லா, லா, இன்த்தா!" என்றார். மச்சான் இன்னும் முன்னால் நீட்டி "இந்தா!" என்றார். இரண்டு படகும் அலையில் ஏறி இறங்க, நடுவில் ஒரு கலவா மீனோடு, இவர் இந்தா என்க, அவர் இன்த்தா என்க, ஐந்து நிமிஷம் போயிருக்கிறது. ‘இன்த்தா’ என்றால் நீ. ‘ஷிஸ்மக்’ என்றால் உன் பெயர் என்ன. கடைசியில் கேரளக்காரர் ஒருவர் உள்ளேயிருந்து வந்து பெயரைச் சொல்லிக் காப்பாற்றினார். மீனை யாரும் வாங்கவில்லை. இராத்திரி இவர்களே குழம்பு வைத்தார்கள்.

வாய் மட்டுமல்ல, கையும் கவிழ்க்கும். அரபு நாடுகளில் ஐந்து விரல் நுனியையும் மேல்நோக்கிக் குவித்து லேசாக ஆட்டினால் ‘கொஞ்சம் பொறு’. நமக்கு அது சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டு போகப் போகிற கை. நான் போன புதிதில் சாலையைக் கடக்க நின்றபோது போலீஸ்காரர் ஒருவர் என்னைப் பார்த்து அப்படிக் காட்டினார். வெயிலில் நிற்கிற மனிதர், எவ்வளவு கரிசனம்! வயிற்றைத் தடவிக் காட்டி, "ஆச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே சாலையில் இறங்கிவிட்டேன். அவர் ஊதிய விசில் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது கைப்பேசியை நீட்டினால் பலகையில் இருப்பதைத் தமிழில் காட்டிவிடுகிறதே, பேச்சைக்கூட மொழிபெயர்க்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல வசதிதான், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘சூசு’ என்று காதில் விழும்போது யார் போனை எடுக்கப் போகிறார்கள்? புரிந்துவிட்டதே!

இலங்கையில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே சந்தேகமே வராது. ஒரு காலத்தில் நம் பக்கத்திலிருந்து இலங்கை போவது பக்கத்து ஊர் போவது மாதிரி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கொஞ்ச காலம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, பிறகு அதுவும் நின்றது. நான் போனது விமானத்தில், கொழும்பு வெள்ளவத்தைக்கு, கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு. அவர் மனைவி யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் நான் தங்கியிருந்த அறைக்குப் போன் போட்டு, வாஞ்சையாகக் கேட்டார்: "அண்ணை, வெளிக்கிட்டாச்சோ?"

நம்மூரில் வெளிக்குப் போவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். முன்பின் பார்க்காத பெண்பிள்ளை விடிந்ததும் விடியாததுமாக அதை விசாரிக்கிறாரே! ஆனாலும் கேட்டுவிட்டார், பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. "ஆச்சு தங்கச்சி, காலையிலேயே ஆச்சு" என்றேன் தயங்கித் தயங்கி. "அப்ப ஏன் இன்னும் வரேல்ல?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? அங்கே வெளிக்கிடுதல் என்றால் புறப்படுதல். கிளம்பிவிட்டேன் என்று நம்பி அவர்கள் வாசலில் ஆள் நிறுத்தி வைத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் பந்தியில் "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றார்கள். எனக்கு ஆறுதல் சொல்லும்படி யாருக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தேன். நிதானமாகச் சாப்பிடு என்று அர்த்தம். இன்னொன்று: அங்கே ‘பேசினார்’ என்றால் திட்டினார். சாதாரணமாகப் பேசுவதற்குக் ‘கதைத்தல்’. நான் மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பற்றி, "நேத்து ராத்திரி பத்து மணி வரைக்கும் என்கிட்ட பேசிக்கிட்டே இருந்தார்" என்று பெருமையாகச் சொன்னதற்கு, கூட்டாளி முகம் சுருங்கி மன்னிப்புக் கேட்டார்.

சிங்களம் கேட்டீர்களானால் ‘மல்லி’ என்றால் தம்பி, ‘ஐயா’ என்றால் அண்ணன், ‘தாத்தா’ என்றால் தகப்பன், ‘மம’ என்றால் நான். ராமேஸ்வரத்திலிருந்து வந்திருந்த ஒரு பக்திமான், ஆட்டோக்காரர் எது சொன்னாலும் "ஹரி, ஹரி" என்கிறார் என்று உருகி, இறங்கும்போது கும்பிட்டு பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். ஹரி என்றால் சரி. அவ்வளவுதான் விஷயம். ஆட்டோக்காரர் அதற்கும் ஹரி என்றுதான் சொல்லியிருப்பார்.

பாங்காக்கில் நம்மூர்க் கல் வியாபாரிகள் இருக்கிறார்கள். அங்கே தாய்லாந்து மொழியில் சொல் ஒன்றாக இருந்தாலும் குரல் ஏறினால் ஒன்று, தட்டையாக இருந்தால் வேறு. ‘சுவை’ மாதிரி ஒரு சொல். ஏற்றிச் சொன்னால் அழகு, ஒரே மட்டத்தில் சொன்னால் துரதிர்ஷ்டம். நம்மூர்ப் பெரியவர் ஒருவர் கல் வாங்க வந்த அம்மாளிடம் நீலக்கல்லைக் காட்டி, நிதானமான வியாபாரக் குரலில், இது சுவை, ரொம்பச் சுவை என்று புகழ்ந்திருக்கிறார். ராசி பார்த்துக் கல் வாங்க வந்தவர் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ‘கிளை’ என்கிற மாதிரி இன்னொரு சொல் இருக்கிறது. குரலை இறக்கினால் பக்கம், மட்டமாகச் சொன்னால் தூரம். வழி கேட்டால் எத்தனை நிமிஷம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள், வம்பில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘எந்த ஹோட்டல்?’ என்று விமான நிலையத்தில் கேட்டால் தங்குமிடத்தைக் கேட்கிறார்கள். "ஹோட்டல் ஒத்துக்காது சார், வீட்டுச் சாப்பாடுதான்" என்று சொன்னவரை எனக்குத் தெரியும். அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

கடைசியாகப் பெயர். சொந்தப் பெயர்கூடத் தெரிந்த சொல்தானே, அதுவும் காலை வாரும். நாம் இனிஷியல் போடுகிறவர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பனார் பெயர் ஏறிவிடும். ஓர் அலுவலகத்தில் எங்கள் வாப்பா பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார்கள். வாப்பா கீழக்கரையில் திண்ணையில் இருக்கிறார், யாரோ அதே பெயர்க்காரர் என்று நானும் கூட்டத்தோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போனது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் கூடாது: 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. நீங்கள் பினாங்குதான் போகிறீர்கள் என்றாலும், நம் ஆட்கள் ஒரு நாட்டோடு நிற்கிறவர்கள் இல்லையே, இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவையே சரியாக வேலை செய்த சொல் ஏதாவது உண்டா என்றால், ஒன்றே ஒன்று. பினாங்கில் ஊர் ஞாபகம் வந்து ஒரு பலகாரக் கடையில் நின்று, கிடைக்காது என்று தெரிந்தே, "தொதல்" என்றேன். கடைக்காரி "டோடோல்" என்று சொல்லிக்கொண்டே வெட்டி எடுத்துக் கொடுத்தாள். கறுப்பாக, பளபளவென்று, எண்ணெய் மின்ன. உம்மா கிண்டுகிற அதே பதம்.

மற்றபடி ஊர் திரும்பினாலும் இது விடாது. 18 வருஷம் கழித்து வந்தவன், கீழக்கரை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடையில் பழக்க தோஷத்தில், "ஒரு டீ, கோசோங்" என்றேன். மாஸ்டர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்குக்கிட்ட கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"கொசுவா? இதுல ஒண்ணும் இல்லையே காக்கா."